இந்துலிஸ் தோண்டி எடுத்த வெள்ளிக்காசு

என் சகலை இந்துலிஸ் டயர் கடையில் வேலை பார்க்கிறான். முதலாளி முன்னால் வாய் திறக்க மாட்டான். உறவுக்காரர் வீட்டு விருந்தென்றால் வாய் மூடாது. ஒரு வருடம் தேனீ வளர்த்தான். குளிரில் அவை செத்தபோது, பெட்டி விற்றவன் சூனியம் வைத்துவிட்டான் என்றான். அதற்கடுத்த வருடம் மண்ணுக்குள் கிடக்கும் பழைய காசு, உலோகத்தைக் கண்டுபிடிக்கும் டிடெக்டரைக் கடனில் வாங்கினான். கடன் யார் பெயரில் என்று கேட்டால் அவன் மனைவி மாருதா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தவன், ஆகவே குர்சமே காட்டுக்கு அவனைக் கொண்டுபோகும் தண்டனை எனக்கு. மாருதா என் மனைவியின் தங்கை. அவள் முகத்துக்காகப் போனேன்.

அந்த ஜூலை சனிக்கிழமை, பைன் மரங்களுக்கு நடுவே யாரோ கைவிட்டுப்போன ஒரு பண்ணை வீட்டின் அடித்தளத்தருகே கூடாரம் போட்டோம். கருவி கத்திய இடமெல்லாம் தோண்டினான். ஆணி, பாட்டில் மூடி, துருப்பிடித்த தோட்டா உறை. தோண்டிய குழியை மண்ணால் நிரப்புவது டிடெக்டரோடு அலையும் கூட்டத்தில் எவனும் மீறாத வழக்கம். இவனோ மேலே பாசியை மட்டும் பரப்பி வைத்தான், மற்றவர்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாதாம்.

"குழிய ஒழுங்கா மூடுய்யா. யாராச்சும் கால விட்டுருவாங்க."

"காட்டுக்குள்ள யாரு சகல வரப்போறா? மான் வந்து கால ஒடிச்சிக்கிட்டா நமக்குக் கறிதானே."

மறுநாள் காலை ரொட்டியும் புகைபோட்ட மீனும் தின்றுகொண்டிருந்தபோது ஓர் அலறல் கேட்டது. ஓடினேன். பக்கத்து ஊர்த் தபால்காரி வெல்தா, புளூபெரி பறிக்க வந்தவள், முழங்கால் வரை குழிக்குள் புதைந்து கிடந்தாள். பழமெல்லாம் பாசியில் சிதறியிருந்தது. கணுக்கால் வீங்கத் தொடங்கிவிட்டது.

இந்துலிஸ் மென்றுகொண்டே நிதானமாக வந்து சேர்ந்தான். பார்த்ததும் கத்தினான்: "எந்தப் பொறுப்பத்த நாயி இப்படித் தோண்டிப் போட்டுட்டுப் போச்சோ!"

"நேத்து நீ தோண்டினதுதான்" என்றேன்.

"நாய் எதுவா வேணா இருக்கட்டும்" என்று பல்லைக் கடித்தாள் வெல்தா. "மொதல்ல என்னத் தூக்குங்கய்யா."

அவனுக்கு முதுகுவலியாம். நான் முதுகில் சுமந்தேன். அவன் டிடெக்டரைக் கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு பின்னால் வந்தான். காரில் அதைப் பின்சீட்டில் படுக்க வைக்க வேண்டுமென்றும், அந்தம்மா காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளலாமே என்றும் கேட்டான். கருவியை வாங்கித் தரையில் வைத்தேன்.

"அப்ப நீங்க போயிட்டு வாங்க. நான் சாமானப் பாத்துக்கறேன்" என்றான்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, அவளை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினால் மனிதன் குதித்துக்கொண்டிருக்கிறான். "அஞ்சு லாட்ஸ் வெள்ளி, சகல! நம்ம தாத்தன் காலத்துக் காசு! ரெண்டடி ஆழத்துல கெடந்துச்சு!" விரலிடுக்கில் ஒரு பெண்ணின் முகம் மின்னியது. வாங்கிப் பார்க்கக் கை நீட்டினேன். சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டான்.

புதன்கிழமை ஒரு வாளி புளூபெரியோடு வெல்தாவைப் பார்க்கப் போனேன். கால் ஒடிந்ததைவிட அவளுக்கு வேறொரு கவலை.

"தம்பி, என் சட்டைக் கழுத்துல ஒரு ஊக்கு குத்தியிருந்தேன். அம்மாவோடது. அஞ்சு லாட்ஸ் காசுக்குப் பின்னாடி ஊசி பத்த வச்சது. விழுந்த எடத்துல பாத்தீங்களா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. "எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்க்கா" என்றேன்.

ஞாயிறு மதியம் அவன் வீட்டில் சாப்பாடு. பீட்ரூட் சூப்புக்கு நடுவே கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் காசு.

"திருப்பிக் காட்டு" என்றேன்.

"ஒட்டியாச்சு சகல. தொட்டா மதிப்புக் கொறையும்."

மாருதா பாலாடைக்கட்டிக் கத்தியை எடுத்தாள். பெட்டியைத் திறந்து, காசை நெம்பிப் புரட்டினாள். ஊசி இல்லை, இருந்த இடத்தில் ஈயத் தழும்பும் புத்தம்புதிய அரத்தின் கீறல்களும் பளபளத்தன. பாவி, ராவி எடுத்திருக்கிறான்.

நான் வெல்தாவின் ஊக்கைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தக் காலத்துக் காசெல்லாம் அப்படித்தான் அடிப்பாங்க" என்றான் இந்துலிஸ். "பொம்பளைங்களுக்குச் சரித்திரம் என்ன தெரியும்?"

"நொண்டிக்கிட்டுக் கெடந்தவ கழுத்துலேருந்து விழுந்தத எடுத்திருக்க" என்றாள் மாருதா. "சரித்திரமாம் சரித்திரம்." காசை என் கையில் வைத்தாள். அவன் சூப்புக் கிண்ணத்தைப் பாதியிலேயே எடுத்துப் போய்த் தொட்டியில் கொட்டினாள். அவன் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே இருந்தான். வெட்கம் வருமென்று எதிர்பார்த்தது என் மடத்தனம்.

நகைக்கடையில் புது ஊசி பற்ற வைத்துக் கொடுத்தேன். வெல்தா காசை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கள்ளப்பய மூஞ்சியவும் ராவாம விட்டானே" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முடியுமுன்பே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உருளைக்கிழங்கு அறுவடைக்குக் கூடியபோது இந்துலிஸ் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்: தான் தோண்டி எடுத்த அரிய வெள்ளிக்காசை, கால் ஒடிந்த ஓர் ஏழைத் தபால்காரிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டானாம். அவன் அண்ணன்கூட மெச்சித் தோளைத் தட்டினான். மாருதா கிழங்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

டிடெக்டரை விற்றுவிட்டான். இப்போது தூண்டில் போடுகிறான். எங்கள் ஆற்று மீன்களெல்லாம் அயோக்கியப் பயல்கள் என்கிறான்.