பாயிண்டில் வைத்த கல்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்களில், சேலம் போகும் மீட்டர்கேஜ் பாதையில் ஒரு சிறிய ஸ்டேஷனில் நான் தண்டவாளங்களைக் கவனிக்கும் இன்ஸ்பெக்டர். சொந்த ஊர் தியாகதுருகம் பக்கம். போராடியவர்கள் எங்கள் சாதிக்காரர்கள்தான். என் தம்பி பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல், அப்பாவோடு கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். எனக்கு ரயில்வே வேலை கிடைத்த பிறகு அவன் என்னிடம் பேசுவதே குறைந்துவிட்டது.

அன்று காலை ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. பாசஞ்சர் வண்டி ஸ்டேஷனுக்கு வெளியே நின்றுவிட்டது. பாயிண்ட் லீவர் பூட்டவில்லை, அதனால் வண்டிக்கு வழிவிடும் சிக்னல் கை இறங்கவில்லை என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

பாதை இரண்டாகப் பிரியும் இடம்தான் பாயிண்ட். நாக்கு மாதிரி சீவிய தண்டவாளம் அங்கே இடமும் வலமும் நகரும். அதன் நுனி பெரிய தண்டவாளத்தோடு ஒட்டிக் கிடந்தால்தான் சக்கரம் சரியாகத் திரும்பும். சந்து விட்டால் சக்கரத்தின் விளிம்பு அதற்குள் நுழையும். பிறகு முன் சக்கரம் ஒரு பாதையில், பின் சக்கரம் வேறு பாதையில்.

நானும் பாதை வேலை பார்க்கும் ஒரு கேங்மேனும் ஓடினோம். பாயிண்டில் நாலைந்து பேர் நின்றார்கள். நாக்குக்கும் பெரிய தண்டவாளத்துக்கும் நடுவே ஜல்லிக்கல்லை அடித்து இறுக்கியிருந்தார்கள். சம்மட்டி என் தம்பி கையில் இருந்தது.

"இன்னாடா பண்ணிக்கினு இருக்க?"

"வண்டிய நிறுத்தறோம். சிக்னல் வுழல இல்ல, அது நிக்கும்தான?"

"இந்த நாக்கு வளையும்டா. கல்லு நடுவுல கிடக்கும்போதே நுனி மட்டும் ஒட்டிக்கினு பூட்டு வுழுந்துட்டா? சிக்னலும் வுழும், வண்டியும் வரும். உள்ள இருக்கறதும் நம்ம சனம்தான்டா."

அவன் சம்மட்டியைக் கீழே வைத்தான். "எனக்குத் தெரியாதுண்ணா."

"வண்டி உள்ள வரட்டும். அப்புறம் எஞ்சினுக்கு முன்னால போயி உக்காருங்க. நான் கேக்க மாட்டேன்."

அவன் கூட வந்தவர்கள் முறைத்தார்கள். தம்பியே குனிந்து கல்லை நெம்பி எடுத்தான். அப்போதும் நுனி லேசாக வளைந்தே இருந்தது; நகம் நுழையும் அளவுக்குச் சந்து. கிளாம்ப் போட்டு இறுக்கி, ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுதிக் கொடுத்து, நடை வேகத்தில் வண்டியை வரச் சொன்னேன்.

ஒவ்வொரு சக்கரமும் ஏறும்போது நுனி துடித்தது. பாதைகள் குறுக்கிடும் இரும்பு மூக்கில் சக்கரம் தாண்டி விழும் ஒவ்வொரு முறையும் காலடியில் தரை அதிர்ந்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். கடைசிப் பெட்டி தாண்டிய பிறகுதான் விட்டான்.

"இம்மாம் மெல்லிசு மேலயா இவ்ளோ பாரம் போவுது?" என்றான்.

பிறகு எல்லோரும் போய் எஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவனும்தான். கோஷம் கிளம்பியது. கல்வராயன் மலைப்பக்கம் வெயில் சாயும் வரை உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ் வேன் வந்தது. அதிகாரி ஸ்டேஷன் மாஸ்டரிடம் விசாரித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"பாயிண்டுல கல்லு வெச்சவன் எவன்யா?"

நான் எதையும் சொல்லுமுன் தம்பி எழுந்தான்.

"நான்தாங்க வெச்சேன். நானே எடுத்துட்டேன்."

இரண்டாவது வாக்கியத்தை யாரும் காதில் வாங்கவில்லை. என் கண்ணெதிரே அடித்து ஏற்றினார்கள். "கல்லை அவனேதான் எடுத்தான் சார்" என்று வேன் பின்னாலேயே ஓடினேன். எழுதிக் கொடுத்தேன், கோர்ட்டிலும் சொன்னேன். வழக்கு மட்டும் இழுத்துக்கொண்டே போனது.

பிறகு இடஒதுக்கீடு வந்தது. எங்கள் தெருவில் இரண்டு பையன்களுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. தம்பி வழக்கிலிருந்து விடுதலை ஆனபோது அவனுக்கு அரசு வேலைக்கான வயது தாண்டியிருந்தது. இப்போதும் கரும்புதான். என்னிடம் நன்றாகவே பேசுகிறான். அப்பாதான் சாகும்வரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒரே ஒரு முறை, சாப்பிடும்போது கேட்டார்:

"வண்டிய காப்பாத்தின, சரி. அவன ஏன்டா வுட்ட?"

அவன் தானாகவே எழுந்தான் என்று சொன்னேன். அவர் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.