வாரேன் என்றதற்கு அபராதம்

காரின் முன்சக்கரத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் இரும்புப் பூட்டு மாட்டியிருந்தது. முதலில் அது என் வண்டி என்றே எனக்குத் தோன்றவில்லை. எவனோ வழியை மறித்து நிறுத்தியிருப்பான், வேணும் அவனுக்கு என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் போனேன். பின்கண்ணாடியில் என் பள்ளிக்கூடத்து ஸ்டிக்கர். அடப்பாவிகளா, என் வண்டியேதான்.

அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரரை டிஸ்சார்ஜ் செய்திருந்தார்கள். ஒத்தக்கடைப் பக்கம் மேலூர் ரோட்டில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரி அது. நெஞ்சுவலி என்று கொண்டுபோனவரை நேராக ஐசியூவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, ஒரு வாரம் போல உள்ளேயே படுக்கவைத்திருந்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அலைச்சல் கூடாது, வெயில் கூடாது, டென்ஷன் கூடவே கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலில் விட்டுவிட்டு, "இந்தா, வண்டிய எடுத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். வாசலில் பாதிதான் நிழல். சித்திரை வெயில் மீதிப் பாதியில் நின்றது.

வண்டி நிறுத்துமிடத்தின் வாசலில் ஒரு தகரக் கூண்டு. அதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். மதுரைக்காரர்தான், பேச்சிலேயே தெரிந்தது. என் சீட்டை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ராத்திரி தங்குன வண்டி மேடம். ஒவ்வொரு ராத்திரிக்கும் ஃபைன் போட்டிருக்கு. கட்டிட்டீங்கன்னா பூட்டைக் கழட்டிருவோம்."

"எந்த ராத்திரி? நான் தெனம் வண்டிய எடுத்துக்கிட்டு திருநகருக்குல்ல போனேன்?"

"சிஸ்டத்துல வண்டி உள்ளேயே நிக்கிது மேடம்."

"என் வீட்டு வாசல்ல நின்ன வண்டி உங்க சிஸ்டத்துல எப்படிங்க நிக்கும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். நீங்க எடுத்திருந்தா எடுத்ததாக் காட்டும்ல?"

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். சூடானது. அந்த ஐசியூவில் ராத்திரி யாரையும் தங்க விடமாட்டார்கள். பொழுது சாய்ந்ததும் சொந்தக்காரர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிடுவார்கள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஒருதரம் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அப்படிக் கிளம்பி, ஒத்தக்கடையில் பஸ்களுக்கு நடுவில் நுழைந்து, கோரிப்பாளையம் சிக்னலில் ஆரன் சத்தத்தில் ஊர்ந்து, ஊரின் அந்தக் கோடிக்குப் போய், வீட்டில் தனியாகப் படுத்து, விடிந்ததும் மறுபடி இதே ரோட்டில் வந்தேன். அழுதுகொண்டே ஓட்டிய ராத்திரிகளும் உண்டு. அந்த ராத்திரிகளை நான் ஓட்டவே இல்லை என்று ஒரு தகரக் கூண்டு சொல்கிறது.

"மேல காமிரா இருக்கே, அதைப் பாருங்க."

"காமிரா இருக்கு மேடம். ஓடல."

"அப்ப எதுக்குய்யா மாட்டி வச்சிருக்கீங்க?"

"பாத்தா திருடன் பயப்படுவான்ல."

ஆஸ்பத்திரி முன்மேசைக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் சிரித்த முகமாகக் கேட்டுவிட்டு, "பார்க்கிங் எங்களுது இல்ல மேடம், காண்ட்ராக்ட்டுக்கு விட்டிருக்கோம். சீட்டுல நம்பர் இருக்கும் பாருங்க" என்றாள். அந்த நம்பருக்கு அடித்தேன். தமிழுக்கு ஒன்றை அமுக்கச் சொன்னது, அமுக்கினேன். புகாருக்கு இன்னொன்றை அமுக்கச் சொன்னது, அமுக்கினேன். பிறகு பாட்டுப் போட்டுவிட்டது. என் புருஷன் வெயிலில் உட்கார்ந்திருக்க, நான் காதில் போனை வைத்துக்கொண்டு புல்லாங்குழல் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல கூத்து.

திரும்பி வாசலுக்கு வந்தபோது நிழல் அவரை விட்டு நகர்ந்திருந்தது. மனுஷன் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு இருந்தார். முகம் ஒரு வாரத்தில் பாதியாகிவிட்டிருந்தது.

"என்னாச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல. வண்டியப் பூட்டி வச்சிருக்காங்ஙெ."

"காசைக் கட்டிட்டு வா. போவோம்."

"கட்ட மாட்டேன்."

"இவ ஒருத்தி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டியிருக்கலாம்தான். அவரை ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டும் போயிருக்கலாம். ஆனால் ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு ஊர் முழுக்கக் குலுங்கிக்கொண்டு திருநகர்வரை எப்படிக் கொண்டுபோவது? காசைக் கட்டினாலோ, நான் பொய் சொன்னதாக நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. ஒரு பக்கம் இவரைச் சீக்கிரம் வீட்டில் படுக்கவைக்கணும். இன்னொரு பக்கம் ரோஷம். நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு போய், கூண்டுக்குப் பக்கத்தில் இருந்த வேப்பமர நிழலில் நிறுத்தினேன். சூப்பர்வைசரும் பார்க்கட்டும், யாருக்காக வந்த வண்டி என்று.

அவர் பார்த்தார். கொஞ்சம் இறங்கினார். "சாருக்கு முடியலன்னா பாதி கட்டுங்க மேடம். நான் பேசிக்கிர்றேன்."

"பாதி எதுக்கு? பாதி ராத்திரியா இங்க நின்னுச்சு வண்டி? சரி, ராத்திரி கேட்டுல ஒரு தம்பி இருக்குமே, வடக்க இருந்து வந்த தம்பி. அதக் கூப்பிடுங்க. தெனம் அதுதானே எனக்குக் கேட்டைத் தெறந்து விட்டுச்சு?"

அந்த ஆளை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முப்பது வயதிருக்கும், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தமிழ் புதிதாகக் கற்றுக்கொண்டவர் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவார். தினமும் என் காரைப் பார்த்ததும், "போறீங்களா மேடம்?" என்று கேட்பார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதவள். பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன். அவரும் ஒரு பட்டனை அமுக்கி, கேட்டைத் திறந்து, காசு எதுவும் கேட்காமல் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஐசியூ ஆட்களிடம் காசு வாங்குவதில்லை போல, நல்ல மனசுக்காரர்கள் என்று நான் பள்ளிக்கூடத்தில்கூட எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தேன். நான் ஒரு கூறு கெட்டவள்.

கூண்டுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்து, "சார் நல்லா ஆயிட்டாரா மேடம்?" என்றார். திட்டுவதற்காகத் திறந்த வாயை நான் மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

சூப்பர்வைசர் கேட்டார். "இவங்க வண்டி தெனம் ராத்திரி வெளிய போச்சா?"

"போச்சு சார்."

"அப்புறம் ஏன்டா சிஸ்டத்துல ஏத்தல?"

"ஏத்தினேன் சார். நீங்க சொன்னீங்க, போற வண்டி சிவப்பு பட்டன், காசு வாங்கு. டீ சாப்பிட, மருந்து வாங்கப் போயி, திரும்பி வர்ற வண்டி பச்சை பட்டன், காசு வேண்டாம், கணக்குல வண்டி உள்ளதான். நான் கேட்டேன், போறீங்களா மேடம்? மேடம் சொன்னாங்க, 'வாரேன் தம்பி.' தினம் கேட்டேன். தினம் சொன்னாங்க, வாரேன். நான் பச்சை அமுக்கினேன். காலையில மேடம் வந்தாங்க." அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிதானே சார்?"

சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட கிறுக்குப்பயலே! வாரேன்னா போறேன்னுடா அர்த்தம்!"

"வாரேன்னா வருவாங்க சார். போறேன்னா போவாங்க. நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் தமிழ் டீச்சர். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு மங்கல வழக்கு நடத்துகிறவள். செத்தார் என்று சொல்லாமல் இயற்கை எய்தினார் என்று சொல்வது, விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்று சொல்வது. கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்தியிருக்கிறேன். நாங்கள் வேதக்காரர்கள், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ராகுகாலம் பார்ப்பதில்லை, பூனை குறுக்கே வந்தால் நிற்பதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில்கூட யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் படி இறங்கியதில்லை. கடைக்குப் போனாலும் வாரேன், கல்லறைத் தோட்டத்துக்குப் பூ வைக்கப் போனாலும் வாரேன். அப்படியிருக்க, புருஷனை ஐசியூவில் போட்டுவிட்டு, இருட்டுகிற நேரத்தில், வாய்விட்டுப் போறேன் என்று சொல்வேனா? நாக்கு வருமா?

"பாத்தீங்களா?" என்று சூப்பர்வைசரிடம் பாய்ந்தேன். "நான் ஒரு டீச்சர், நான் சொன்னது பொய்யா? இப்பக் கழட்டுங்க பூட்டை!"

"கழட்டிர்றேன் டீச்சர். ஆனா ஃபைனை எடுக்கணும்னா சிஸ்டம் காரணம் கேக்கும்." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். "ஊழியர் தவறுன்னு போட்டா ஒடனே எடுத்துரும். இவனுக்குச் சம்பளத்துல பிடிப்பாங்க."

கேட்டுக்காரர் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். சம்பளம் என்ற சொல் அவருக்கு விளங்காமல் இல்லை.

"அதெல்லாம் போடக் கூடாது" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "அந்தத் தம்பி சொல்லிக்குடுத்த மாதிரி செஞ்சிருக்கு. தமிழ்ல வாரேன்னா வாரேன்தான். நாமதான் ஒண்ணச் சொல்லிட்டு ஒண்ணச் செய்யிறோம்."

"அப்ப வாடிக்கையாளர் தவறுன்னு போடவா?"

"ஏன், போடுங்களேன்! வாரேன்னு சொன்னதுக்கு ஃபைன்னு போடுங்க! ஊருக்கே போடணும்!"

"அப்ப என்னதான் டீச்சர் போடச் சொல்றீங்க?"

"மற்றவைன்னு ஒண்ணு இருக்குல்ல. அதுல போடுங்க. மங்கல வழக்கு."

அவர் இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொரு விரலாகத் தட்டினார். நடுவில் ஒருமுறை, "மங்கலத்துக்கு எந்த லா டீச்சர்?" என்று கேட்டார். இங்கிலீஷில் எல்லாம் ஒரே லாதான் என்று எரிந்துவிழுந்தேன். தலைமை அலுவலகம் ஒப்புக்கொள்ளும்வரை திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் ஐசியூ வாசலில் காத்திருந்தபோதுகூட எனக்கு இப்படிக் கடுப்பு வரவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர் தூங்குகிறார் என்றே நினைத்திருந்தேன்.

"தெனமுமா வாரேன்னு சொன்ன?"

"பின்ன வேற என்ன சொல்லுவாங்க?"

"என்ட்ட சொல்லலையே."

நாற்காலியின் கால்மிதியைக் குனிந்து சரிசெய்தேன்.

"கண்ணாடிக்கு அங்கிட்டு நின்னு பாப்ப. கை கூட அசைக்க மாட்ட. அப்படியே திரும்பிப் போயிருவ. எம்பொண்டாட்டி இம்புட்டுப் பேசுறவ, ஒரு வாரேன் சொல்லாமப் போறாளே, டாக்டரு என்னமோ சொல்லிட்டாரு போலன்னு நெனச்சுக்கிட்டேன். ராத்திரி பூரா அதே நெனப்பு."

கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறந்தால் அழுகைதான் வந்திருக்கும். அவர் பார்க்க அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நடந்து, லிஃப்டில் அடக்கி, காரில் ஏறி, கேட்டில் முதல்முதலாக ஒரு மனுஷர் முகம் பார்த்து வாய் திறக்கும்போது வந்த சொல் அது. உள்ளே சொல்ல வேண்டியதைத்தான் தினமும் கேட்டில் சொல்லியிருக்கிறேன். இதையெல்லாம் அவரிடம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். "டென்ஷன் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, பேசாம இருங்க" என்று மட்டும்தான் சொன்னேன்.

ஒருவழியாக ஃபைன் எடுபட்டது. பூட்டும் கழன்றது. மன்னிப்பு என்று யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை நெஞ்சில் அழுத்தாமல் மாட்டி, கேட்டுக்கு வந்தேன். நடந்த களேபரத்தில் கேட்டுக்காரர் பட்டனில் கை வைக்கவே பயந்துபோயிருந்தார். குனிந்து, கவனமாகக் கேட்டார்.

"மேடம், இப்ப போறீங்களா, வாறீங்களா? தெளிவாச் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். பக்கத்தில் இவர் உட்கார்ந்திருக்கப் போறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வாரேன் என்று சொல்லலாம் என்றால், இந்த வாசலுக்கா மறுபடி வருவேன்? பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் ஆரன் அடித்தது. ஊருக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. கேட்டுக்காரர் இரண்டு பட்டன்களுக்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் என்னைத் தாண்டிக் குனிந்து, ஜன்னல் பக்கம் முகத்தைக் கொண்டுவந்தார். குரல் இன்னும் சரியாகத் திரும்பவில்லை. ஆனாலும் நன்றாகவே கேட்டது.

"வரமாட்டோம் தம்பி. கேட்டைத் தெற."