அவர் பேசியது வேறொருத்தியிடம்

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காது. அவள் முகத்தைத் திரையில் பார்ப்பதற்கு இரண்டு மாதம் முன்பே பிடிக்காமல் போய்விட்டது.

பாலக்காடு பக்கம் முதலமடையில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. அடுத்தடுத்து இரண்டு வருடம் மரம் முழுக்கப் பூத்து, இலைப்பேன் பூச்சி விழுந்து, அத்தனை பூவும் கருகியது. இரண்டாவது வருடம் என் கணவர் பேசுவதையே விட்டுவிட்டார். சண்டை ஒன்றும் இல்லை. கேட்டால் "ம்", "ஆச்சு", "வேண்டாம்" என்று பதில் வரும். முன்பும் அதிகம் பேசுகிறவர் இல்லை என்பதால் நான் கவனிக்கவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கவனித்தவள் பக்கத்துச் சித்தூரில் காலேஜ் படிக்கும் எங்கள் மகள். ப்ளஸ் டூ பரீட்சை பயத்தில் சாப்பிடாமல் கிடந்தபோது, ஆன்லைனில் அவளுக்குக் கவுன்சிலிங் கொடுத்த ஒரு பெண்ணின் நம்பரை இன்னும் வைத்திருந்தாள். அப்பாவுக்கும் அங்கேயே நேரம் வாங்கினாள்.

"எல்லாருகிட்டயும் ஒரே மாதிரி பேச மாட்டாங்கம்மா. எனக்கு வாயைத் தொறந்தாலே அழுகை வரும். அதனால மொத ஒரு மாசம் டைப் பண்ணியேதான் பேசினாங்க" என்றாள். அந்த ஒரு மாதமும் பக்கத்து அறையில் நான் இருந்தேன். என் மகள் யாரோ ஒருத்திக்கு டைப் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

முதல் நாள் அவர் இஸ்திரி போட்ட சட்டையுடன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்காருவது போல. நான் சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் இவரிடமிருந்து "ஆமாங்க", "இல்லீங்க" தவிர எதுவும் வரவில்லை. எனக்கு உள்ளூரத் திருப்தியாக இருந்தது. பிறகு அந்தக் குரல், மலையாளம் கலந்த தமிழில், "சும்மா இருக்கறப்ப நீங்க எங்க போய் நிப்பீங்க?" என்று கேட்டது.

"தோப்புலதானுங்க."

"அப்ப அடுத்த வியாழக்கிழமை அங்க நடந்துகிட்டே பேசலாம். வீடியோ வேண்டாம்."

அதன் பிறகு வியாழக்கிழமை நான்கு மணி ஆனால் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தோப்புக்குப் போய்விடுவார். ஒரு நாள் சுள்ளி பொறுக்குகிற சாக்கில் நானும் பின்னால் போனேன். என்ன பேசினார் என்று காதில் விழவில்லை. ஆனால் சிரித்தார். தலையை ஆட்டிக்கொண்டு, நின்று சிரித்தார். கல்யாணமான புதிதில் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சிரிப்பு அது. அன்று குழம்பில் வேண்டுமென்றே உப்பைக் கூட்டிப் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

நானும் கேட்டுப் பார்த்தேன். அவள் கேட்பாள் என்று நான் நினைத்தது போலவே, குரலை மெதுவாக வைத்துக்கொண்டு, "இன்னைக்கு மனசு எப்படிங்க இருக்குது?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "உனக்கு மேலுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பூச்சிமருந்து வைத்திருக்கும் அறையின் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இது உங்கிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காத. மருந்தடிக்க ஆளு வந்தா நீயே தொறந்து எடுத்துக் குடு."

"ஏனுங்க, திடீர்னு?"

"அவங்க சொன்னாங்க."

என் வீட்டுச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று எவளோ ஒருத்தி சொல்கிறாளா என்றுதான் முதலில் எரிச்சல் வந்தது. தோசைக்கல்லில் மாவை ஊற்றிய பிறகுதான் புரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அவ்வளவு பயத்திலும் ஒன்று மட்டும் குத்திக்கொண்டே இருந்தது: இதை அவளிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறார்.

நானும் பேச வேண்டும் என்று சொன்னேன். அவர் சம்மதித்த பிறகு அடுத்த வியாழக்கிழமை மூவரும் பேசினோம். அன்றுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். முன்தலை நரைத்திருந்தது. நான் நினைத்துவைத்திருந்த அழகு எதுவும் இல்லை. அதுவும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

"சேச்சி, உங்களுக்குக் கேக்க வேண்டியதைக் கேளுங்க" என்றாள்.

கேள்வியாக ஒன்றும் வரவில்லை. "எனக்குப் பொறாமையா இருக்குதுங்க" என்றேன். "இருபத்திரண்டு வருசமா ஒரே ஊட்ல இருக்கறேன். எங்கிட்டச் சொல்லாததை உங்ககிட்டச் சொல்லியிருக்கறாரு."

இவரைப் பார்த்து, "அவங்க சொன்னது கேட்டுச்சா?" என்றாள்.

இவர் என் பக்கம் திரும்பினார். "அவங்ககிட்டச் சொன்னா அவங்க போனை வெச்சிட்டுப் போயிருவாங்க. உங்கிட்டச் சொன்னா, அப்புறம் தெனமும் நீ எம் மூஞ்சியப் பாத்துப் பயப்படோணுமே."

"இப்ப மட்டும் பயமில்லையாக்கும்?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் கண்ணும் கலங்கியது. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் காத்திருந்தாள். அதற்காக அவளை அன்று ஒரு நிமிடம் பிடித்தது.

அவள் சொல்லி பாலக்காட்டில் ஒரு டாக்டரையும் பார்த்தோம். மாத்திரை சாப்பிடுகிறார். இந்த வருடம் பூ கொஞ்சம் கருகாமல் நின்றிருக்கிறது. எனக்கும் தனியாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் வேறொருவரைச் சொல்வதாகவும், இவரோடு பேசிக்கொண்டிருப்பதால் என்னையும் தானே எடுத்துக்கொள்வது சரியாக இருக்காது என்றும் சொன்னாள். நியாயம்தான். ஆனாலும் அன்று முழுவதும், எனக்கு அவள் இல்லையா என்று மனசு பொருமியது. யாரை நினைத்துப் பொறாமைப்படுகிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை.

வியாழக்கிழமை பேச்சு இன்னும் நடக்கிறது. நான் பின்னால் போவதில்லை. போன வாரம் பொள்ளாச்சிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். கேரள எல்லைச் செக்போஸ்டில் வண்டி நின்றபோது, அவராகவே ஆரம்பித்தார். பத்தாம் வகுப்பில் முதல் தடவை தோற்றதை வீட்டில் சொல்லப் பயந்து, அங்கே வரைக்கும் நடந்து வந்து, லாரிகளைப் பார்த்தபடி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாராம். அவர் தோற்றதே எனக்குத் தெரியாது.

"இதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லியே. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தை அவர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.