ஸ்டேஷன் வாசலில் மாதா சப்பரம்

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்து, பல வருஷமாகத் தள்ளிப்போட்டவள் நான். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. எழுதினால் பிழை வரும், படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று ஒரு கூச்சம். அதைவிடப் பெரிய தயக்கம் இன்னொன்று. எங்கள் ஊரில் இந்தக் கதை ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருக்கிறது, ஆளுக்கொரு கையும் காலும் ஒட்டவைத்து. போன மாதம் மன்னார்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் ஒருவர், நான் யாரென்று தெரியாமல் என்னிடமே இதைச் சொன்னார். அவர் சொன்னதில், ஸ்டேஷனில் பூட்டிவைத்த துப்பாக்கி தானாக வெடித்தது! இனிமேல் சும்மா இருக்கக் கூடாது என்று அன்றைக்கு ஜெபமாலை முடிந்ததும் மாதாவிடம் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

வலங்கைமான் பக்கத்தில் சின்ன ஊர் எங்களுடையது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெருவும் மாதா கோயிலும். பாலத்தைத் தாண்டினால் மெயின் ரோடு, அரிசி மில், போலீஸ் ஸ்டேஷன். எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் பண்ணையில் வேலை செய்தவர்கள். அந்தப் பண்ணைவீட்டுச் சுவரில் தொங்கிய துப்பாக்கியை வாசலில் நின்று பார்த்து வளர்ந்தவர் என் பெரியப்பா. பிறகு பட்டாளத்துக்குப் போனார், ஓய்வு பெற்று வந்தார், கொஞ்சம் நிலம் வாங்கினார். வயலில் பன்றி இறங்குகிறது என்று மனுப் போட்டு, முறையாக லைசென்ஸ் எடுத்து, பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றையும் வாங்கி வந்தார். எங்கள் தெருவுக்கு வந்த முதல் துப்பாக்கி அது. அன்றிலிருந்து ஊர் அவரைப் பட்டாளத்தார் என்றே கூப்பிட்டது.

அந்தத் துப்பாக்கியால் ஒரு பன்றியாவது செத்ததாக நான் கேள்விப்படவில்லை. அதற்கு வருஷத்தில் ஒரே ஒரு பெரிய வேலைதான். மே மாதம் மாதாவின் வணக்க மாதம். அதன் கடைசியில் எங்கள் கோயில் திருவிழா. சாயங்காலம் சப்பரத்தில் மாதாவை வைத்துத் தோள் கொடுத்து நிற்பார்கள். கோயில் பாதிரியாரான பங்குச்சாமி தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்ததும் பூசை உதவிப் பையன் கைமணியை ஆட்டுவான். மணி ஓய்ந்த அடுத்த நொடி பெரியப்பா ஆகாசத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். "மரியே வாழ்க!" என்று கூட்டம் குரல் கொடுக்க, சப்பரம் கிளம்பும். அந்தச் சத்தம் கேட்காமல் மாதா ஓர் அடி நகரக் கூடாது என்பது எங்கள் தெருவில் சட்டம் மாதிரி. இப்போது விழாக்களில் இப்படி வெடிப்பதே குற்றம் என்கிறார்கள். நல்லதுதான். அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

எனக்கு அந்த வெடி என்றால் உயிர் போகும். அம்மா அதற்கொரு வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். "மணி நின்னதும் கண்ண மூடிக்க, காதப் பொத்திக்க, துப்பாக்கிய விட நீ பெருசா டமார்னு கத்து. அதுக்கே பயம் வந்துரும்." நானும் வருஷா வருஷம் அப்படியே கத்துவேன். வெடிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது.

நான் ஒண்ணாம் வகுப்பு முடித்த அந்தக் கோடையில் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாரும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ரிசல்ட் வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ஒப்படைக்கப் போகிற முந்தின நாள் பெரியம்மா வாசலில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தொட்டுத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழலின் அடியில் ஓரிடத்தில் நகத்தை வைத்து நிறுத்தினாள்.

"ஏங்க, இது முடி மாதிரி ஒரு கோடு ஓடுதே. போன வருஷம் இல்லியே."

"கீறல்டி அது. துடைச்சமா வெச்சமான்னு இரு."

"எனக்கென்னமோ சரியாப் படல."

"பட்டாளத்துல இருந்தது நானா நீயா?"

பெரியம்மா துணியை உதறிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது. கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டி மற்றத் துப்பாக்கிகளோடு சாத்திவைத்தார்கள். ஓட்டுப் போட்டு முடிந்தது. ஆனால் எண்ணும் நாள் திருவிழாவுக்குப் பிறகு வந்தது. அப்போதுதான் எங்கள் தெருவுக்கு உறைத்தது.

பெரியப்பா ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார். எஸ்.ஐ. அதிராம்பட்டினத்துக்காரர், முஸ்லிம், தங்கமான மனுஷர், ஆனால் பிடித்தால் பிடிதான். "ஒரு மணி நேரம் குடுங்க ஐயா, வெடிச்சுட்டு வந்து வெச்சிடறேன்" என்று பெரியப்பா கேட்டதற்கு அவர், "பட்டாளத்தாரே, உங்க மாதா எங்களுக்கும் மரியம் அம்மாதான். அவங்களே வந்து கேட்டாலும் ரிசல்ட்டுக்கு முன்னாடி குடுக்க முடியாது" என்றாராம்.

இதை வந்து கோயில் வாசலில் சொன்னபோது என் அத்தை ஒரு முறம் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை அவள். யாரிடமும் வாய் அடக்காதவள். முறத்தை நிறுத்தாமலே சொன்னாள்: "வந்து கேட்டாலும்னு அவரே சொல்லிட்டாருல்ல? சப்பரத்தத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போங்களேன். என்ன, பாலத்தத் தாண்டுனா ஸ்டேஷன்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நேரே பங்குச்சாமி வீட்டுக்குப் போனார். வெடி கேட்காமல் மாதா கிளம்பக் கூடாதே, ஸ்டேஷன் வரை எப்படிப் போவது என்று ஒரு பெரிய கேள்வி எழுந்தது. சாமி கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: மந்திரித்த பிறகுதான் அது பவனி, அதற்கு முன்னால் தூக்கிப்போனால் அது வெறும் சாமான் தூக்குகிற வேலை. அதனால் மந்திரிப்பை ஸ்டேஷன் வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம். தெருவே கைதட்டியது. ஊர்வலத்துக்கு எஸ்.ஐ.யும் அனுமதி கொடுத்தார், ஒலிபெருக்கி கூடாது என்ற கண்டிஷனோடு. துப்பாக்கியை ஏட்டு கையில் பிடித்தபடி வாசல் வரை கொண்டுவருவார், எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம், அதற்குமேல் ஒன்றும் கிடையாது என்று தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரம் முழுக்கப் பெரியம்மா மாதா காலடியில் தினமும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். முட்டிபோட்டு, கண்ணை இறுக மூடி, உதடு துடிக்கத் துடிக்க ஜெபித்தாள். துப்பாக்கி கிடைக்க வேண்டும் என்று பாவம் எப்படி உருகுகிறாள் என்று தெருவே பேசியது. நானும் பக்கத்தில் முட்டிபோட்டு, "மாதாவே, துப்பாக்கி தா" என்று கேட்டுவைத்தேன்.

திருவிழாவும் வந்தது. மல்லிகையும் அரளியும் சுற்றிய சப்பரத்தை ஆண்கள் தோளில் ஏற்றினார்கள். மேளம் கிடையாது, பாட்டு கிடையாது. பவனி இன்னும் தொடங்கவில்லையே! காய்ந்து வெடித்த வயல்களுக்கு நடுவே மாதாவைப் பேசாமல் தூக்கிக்கொண்டு ஊரே நடந்தது. அரிசி மில் ஆட்கள் வேலையை விட்டு வாசலுக்கு ஓடிவந்து, "ஏன் சத்தமே இல்லாம போறீங்க?" என்றார்கள். "இது பவனி இல்ல, சாமான் தூக்குறோம்" என்றாள் அத்தை. அவர்களும் சிரித்துக்கொண்டே பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

நான் பெரியப்பா தோளில் உட்கார்ந்திருந்தேன். பாலத்தில் ஏறும்போது அவர் மடியைத் தடவிப் பார்த்ததை மேலிருந்து கண்டேன். வேட்டி மடிப்பில், கைக்குட்டைக்குள், சிவப்பாக ஒரு தோட்டா. என்ன பெரியப்பா அது என்றேன். "மாதாவ நேருல பாத்தா ஐயா மனசு எளகும்டி. எளகுன நேரத்துல கைல மருந்து இருக்கணும்ல?" என்று கிசுகிசுத்தார். எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் சப்பரத்தை நிறுத்தினார்கள். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார். ஏட்டு அட்டை தொங்கும் துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்தி வெளியே வந்ததும், கல்யாண மாப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சாமி மந்திரித்தார். தீர்த்தம் தெளித்தபோது ஏட்டு நெற்றியிலும் துப்பாக்கியிலும் இரண்டு சொட்டு விழுந்தது.

பெரியப்பா என்னைக் கீழே இறக்கிவிட்டு முன்னால் போனார். "ஐயா" என்றார். கைக்குட்டையைப் பிரித்தார்.

எஸ்.ஐ. முகம் மாறிவிட்டது. "என்ன பட்டாளத்தாரே இது? ஸ்டேஷன் வாசல்ல வந்து தோட்டாவ நீட்டுறீங்க?"

"ஒண்ணே ஒண்ணு ஐயா. ஆகாசத்தப் பாத்து. நீங்களே நின்னு பாருங்க."

"நான் கேஸ் எழுதுனா லைசென்ஸோட போவாது, தெரியுமில்ல?"

"போனாப் போவட்டும் ஐயா! எங்க தெரு மாதா வெடி இல்லாமக் கெளம்ப மாட்டா!" ஏட்டு கையிலிருந்த துப்பாக்கியை நோக்கிப் பெரியப்பா கை நீண்டது. எஸ்.ஐ. குறுக்கே ஓரடி எடுத்து வைத்தார். பெரியம்மா ஜெபமாலையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா அண்ணனைப் பிடிக்க ஓடினார்.

பெரியப்பா கை நீட்டியதிலிருந்து நடந்ததெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த நேரத்தில் பூசை உதவிப் பையன் பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கம்போல மந்திரிப்பு முடிந்தது என்று கைமணியை ஆட்டிவிட்டான். மணி கேட்டதும் நான் கண்ணை இறுக மூடிவிட்டேன். காதைப் பொத்திவிட்டேன். மணி ஓய்ந்ததாகப் பட்டதும், அம்மா சொல்லிக்கொடுத்தபடி, அடிவயிற்றிலிருந்து ஒரே கத்தாகக் கத்தினேன்.

"டமா...ர்!"

கண்ணைத் திறந்தால் ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் மேலே பறந்துகொண்டிருந்தன. வெடி எங்கே என்று நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் கை நீட்டியபடியே நின்றிருந்தார்.

முதலில் சிரித்தது எஸ்.ஐ.தான். சத்தமில்லாமல் தோள் குலுங்கியது, பிறகு தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தை விட்ட சிரிப்பில் அரிசி மில் ஆட்கள் சேர்ந்தார்கள். சாமியே வெள்ளை அங்கிக்குள் குலுங்கினார்.

"வெடிச்சாச்சு பட்டாளத்தாரே!" என்றார் எஸ்.ஐ. "காக்காயே பறந்துருச்சு, இதுக்கு மேல என்ன வேணும்? அந்தத் தோட்டாவ ஏட்டுகிட்ட ஒப்படைங்க. ரிசல்ட் வந்ததும் சேர்த்து வாங்கிக்கலாம். மரியம் அம்மாவ வெயிட் பண்ண வெக்காதீங்க, கெளம்புங்க."

பெரியப்பா என்னைப் பார்த்தார். காக்கைகளைப் பார்த்தார். அவர் மீசை முதலில் ஆடியது. பிறகு என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "மரியே!" என்று பட்டாளத்துக் குரலில் ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், "வாழ்க!" என்று கூட்டம் போட்ட சத்தம் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். மேளம் பிடித்துக்கொண்டது. சப்பரம் கிளம்பியது. ஒவ்வொரு முக்கிலும் பிள்ளைகள் "டமார்! டமார்!" என்று கத்தக் கத்த ஊர் சேர்ந்தோம். இன்றைக்கும் எங்கள் கோயிலில் மணி ஓய்ந்ததும் பிள்ளைகள்தான் வெடிக்கிறார்கள். போன வருஷம் என் பேத்தியும் கத்தினாள்.

அன்று பவனி முடிந்து எல்லாரும் பொரியும் கடலையும் தின்றுகொண்டிருந்தபோது பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் போனாள். மாதா காலடியில் இன்னொரு மெழுகுவத்தி ஏற்றினாள், இதுவரை ஏற்றியதையெல்லாம்விடப் பெரியதாக. என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது.

"துப்பாக்கிதான் கெடைக்கலியே பெரியம்மா, இன்னும் எதுக்கு மெழுகுவத்தி?" என்றேன்.

"கேட்டது கெடச்சிருச்சுடி தங்கம்" என்றாள்.

கூட்டத்தில் அலைந்து பெரியம்மாவுக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்து நான் பொரி தின்ன ஓடிவிட்டேன்.

ரிசல்ட் வந்து துப்பாக்கி வீடு திரும்பியபோது, திருச்சியில் காட்டாமல் அதை வாசல்படி ஏற்ற விடமாட்டேன் என்று பெரியம்மா நின்றுவிட்டாள். பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே போனார். துப்பாக்கிக் கடைக்காரர் குழலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கீறல் இல்லை, விரிசல், அடுத்த வெடி வெடித்திருந்தால் கையும் முகமும் மிஞ்சியிருக்காது என்றாராம். அந்தத் துப்பாக்கியைப் பெரியப்பா திரும்பக் கொண்டுவரவில்லை. லைசென்ஸையும் சரண்டர் செய்துவிட்டார். வீட்டுக்கு வந்து, பெரியம்மா சோறு போடும் வரை அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார் என்று அம்மா சொல்வாள். ஊரே துப்பாக்கி வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த அந்த வாரத்தில், அதே மாதாவிடம் அது வரவே கூடாது என்று ஒருத்தி மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததை எனக்குக் கல்யாணமாகி என் வீட்டுக்காரர் இருமினால்கூட மெழுகுவத்தி தேடத் தொடங்கிய பிறகுதான் நான் புரிந்துகொண்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். துப்பாக்கி தானாக வெடிக்கவில்லை. வானத்தில் வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. எஸ்.ஐ. முட்டிபோட்டு அழவில்லை, நன்றாகச் சிரித்தார். கத்தினது நான். அந்த நேரம் பார்த்து மணி அடிக்கச் சொன்னது யார் என்று அந்தப் பையனை நானும் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன், அவனுக்கும் தெரியவில்லை.