கெளுத்தி வாங்க வந்தவர்

திருப்பூர் சந்தையில் உயிர் மீன் விற்கிறேன். ஒரு கல்லூரி ஆராய்ச்சிக்காரம்மா வாராவாரம் வருவார். பனியன் கம்பெனியில் கழித்துப்போட்ட டீ-ஷர்ட், கயிறு கட்டிய கண்ணாடி. மீனைத் தொட்டால் உடனே பையிலிருந்து சோப்பு எடுத்துக் கை கழுவி, விரலை மோந்து பார்ப்பார். மீன் ரத்தத்தை ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் புரதங்கள் கோடு கோடாகப் பிரியுமாம். இனத்துக்கு இனம் கோடு மாறுமாம்.

நாட்டுக் கெளுத்தி கேட்டார். கோழிக்கழிவைத் தின்று கொழுத்த ஆப்பிரிக்கக் கெளுத்தியைத்தான் அந்தப் பெயரில் ஊருக்கே விற்றுக்கொண்டிருந்தேன். அவருக்கும் அதையே கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் முகம் சிவக்க வந்தார்.

“ஏனுங்கண்ணா, நீங்க குடுத்ததுல ஒண்ணுகூட நாட்டுக் கெளுத்தி இல்லீங்க. கோடு அத்தனையும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. மூணு மாச வேல வீணுங்க.”

“கொழம்புல கொதிச்சா எல்லாங் கெளுத்திதானுங்க அம்மிணி!” எங்கள் சந்தைப் பேச்சைச் சொல்லிச் சிரித்தேன்.

“உங்க ஊட்டுக் கொழம்புல இதைப் போடுவீங்களா?”

நான் ஒருநாளும் போட்டதில்லை.

அவர் மூக்கைச் சுளித்தார். “மீன் நாத்தம்னா சோப்புக்குப் போயிருதுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வரவே இல்லை.

அன்று அவர் முதுகு மறைவதற்குள் இன்னொருவர் தொட்டியை எட்டிப் பார்த்து, “நாட்டுக் கெளுத்திங்களா?” என்றார்.

“ஆமாங்க,” என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. என்னையறியாமல் என் விரலை மோந்து பார்த்தேன்.