"யா/" எண்ட பலகையும் எங்கடை முதல் வெப்சைற்றும்

கீழை பேக்கரியிலை பாண் வேகிற வாசம் மாடிப்படி ஏறி வரும்... எங்கடை முதல் ஒஃபிஸ் எண்டால் எனக்கு அந்த வாசம்தான்.

யாழ்ப்பாண ரவுணிலை ஒரு சின்ன அறை. முதலாளி அண்ணை, நான், ஜெசி. ஜெசி குருநகர் பெட்டை, வாய் கொஞ்சம் கூட.

பள்ளிக்கூடங்கள் பாடங்களைப் போட்டு வைக்கிற வெப்சைற் ஒண்டு செய்தம். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் அதின்ரை பேரிலை தனிப் பக்கம். அது சரிவந்தால் ஒஃபிஸ் நிக்கும். இல்லாட்டிப் பூட்டிப்போட்டுக் கொழும்புக்குத்தான்... அம்மா சூட்கேசை இறக்கித் தூசு தட்டவே தொடங்கியிட்டா. எனக்கெண்டால் போகத் துளியும் விருப்பமில்லை.

பள்ளிக்கூடக்காரருக்குக் காட்டுற நாள் காலமை. தெல்லிப்பழைப் பக்கமிருந்து வந்த ரீச்சர் தன்ரை பள்ளிக்கூடத்தைக் கிளிக் பண்ணினா.

"பக்கம் இல்லை."

அடுத்த பள்ளிக்கூடம்... அதுவும் இல்லை. நான் லிங்கை உத்துப் பாத்தன்.

எங்கடை ஊர்ப் பள்ளிக்கூடப் பலகையளிலை பேருக்கு முன்னாலை "யா/" எண்டு இருக்குமெல்லே, யாழ்ப்பாணம் எண்டு காட்ட? லிங்கிலை பேருக்குள்ளை வாற அந்தச் சாய்ஞ்ச கோடு %2F எண்டு உருமாறித்தான் போகும். நாங்கள் முழு லிங்கையும் முதல்லை பழைய எழுத்துக்கு மாத்திப்போட்டு, பிறகு பகுதி பகுதியாப் பிரிக்கக் கோடு கண்ட இடமெல்லாம் வெட்டியிருக்கிறம். பள்ளிக்கூடத்தின்ரை பேரும் சேர்ந்து ரெண்டாப் போச்சு! "யா/" இல்லாத சும்மா பேருகளை வைச்சுச் சோதிச்சதிலை அது பிடிபடேல்லை.

ஜெசி கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"உதை ஏன் ஒரே நீட்டு எழுத்தா வைச்சு மாரடிக்கிறாய்? முதல்லை வெட்டு. பிறகு துண்டு துண்டா மாத்து. துண்டுகளை வரிசையா ஒரு லிஸ்ற்றிலை வை. லிங்கிலை கேள்விக்குறிக்குப் பின்னாலை வாறதைப் புறம்பா வை. பக்கத்தைத் தேடிக் குடுக்கிற ரவுட்டர் லிஸ்ற்றை மட்டும் பாக்கட்டும்."

"ரீச்சர் வெளிக்கிடப் போறா..."

"அண்ணை பாப்பார். நீ ரைப் பண்ணு."

அண்ணை கீழை பேக்கரியிலையிருந்து சுடச்சுடப் பணிசும் தேத்தண்ணியும் கொண்டுவந்து, ரீச்சரோடை ஊர்க்கதை கதைச்சுக்கொண்டே இருந்தார். பாவம், ரீச்சரும் எழும்பேல்லை.

திரும்பக் கிளிக் பண்ணினா... பக்கம் வந்துது.

"ஓம், இது எங்கடை பள்ளிக்கூடந்தான்!"

எனக்குக் கண் கலங்கிப் போச்சு. ஜெசி மிஞ்சின பணிசை எடுத்துச் சாப்பிட்டாள்.

இப்ப இதெல்லாம் ஃபிறேம்வேர்க் எண்டு ஆயத்தமா வாற சொஃப்ற்வெயாரே பாத்துக்கொள்ளும். ஒஃபிஸும் பெரிசாப் போச்சு, பாண் வாசம்தான் இல்லை. புதுசா வாற பிள்ளையள் உந்தப் பாடுபடத் தேவையில்லை. சந்தோசம்.

நேற்றுப் பின்னேரம் என்ரை மகள் அதே வெப்சைற்றிலை தன்ரை பாடத்தைத் திறந்தாள்.

"அப்பா, மேலை என்ன %2F எண்டு குப்பையாக் கிடக்கு?"

"அது சரிவந்தபடியாலைதான் பிள்ளை, நீ இஞ்சை பிறந்தனீ."