ஒரு நாள் கயிறு

கருப்பர் முன்னால் அப்பா சொன்ன ஒரு வார்த்தையில் அன்றைக்குக் கூடியிருந்த சனம் மொத்தமும் வாயடைத்து நின்றது. நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அந்தக் கோயில் பக்கம் போனால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சாமி இல்லை, அந்த நிசப்தம்தான். கருப்பர் மன்னிக்கட்டும்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம். பெருமாள் கோயில் கூட்டம் எங்கள் தெருவரைக்கும் வராது. எங்கள் தெருவுக்குக் காவல், கரையோரம் அரச மரத்தடியில் அரிவாளோடு நிற்கிற கருப்பர். குடியை விட நினைக்கிறவர்கள் அவர் முன்னால்தான் கயிறு கட்டிக்கொள்வார்கள். பூசாரி, "எத்தனை நாளைக்கு?" என்று கேட்பார். ஒரு மண்டலம், ஆறு மாசம், ஒரு வருசம் என்று சாமிக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்ல வேண்டும். கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் ரத்தம் கக்குவான் என்பது பேச்சு. அவ்வளவு துடியான சாமி.

அப்பா அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். நல்ல வேலைக்காரர். குடியிலும் அப்படித்தான். கயிறு கட்டுவதில் அவரை மிஞ்ச எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. ஒரு தடவை ஒரு வருசம் என்றார். அடுத்த தடவை பிள்ளைகள் கல்யாணம் வரைக்கும் என்றார். கெடு பெரிசாக ஆக ஆக அம்மாவின் முகம் மலரும், சொந்தக்காரர்கள் தலையை ஆட்டி மெச்சுவார்கள். வாரம் திரும்புவதற்குள் கயிறு ஏதாவது ஒரு வேலியில் தொங்கும். கழற்றி வைத்துவிட்டுத்தான் குடிப்பார், அந்த மட்டும் பயம் இருந்தது. அப்புறம், "சத்தியமே போச்சு, இனிமே என்ன" என்று முன்னைவிட அதிகமாகக் குடிப்பார்.

அந்த வருசம் ஆடியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "இதுதான் கடைசி. இதுவும் பொய்யாப் போனா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு லால்குடிக்குப் போயிடுவேன்" என்றாள். லால்குடியில் அவளுடைய அண்ணன், எங்கள் மாமா, விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் தம்பியையும் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் அவர் பேசி வைத்துவிட்டார் என்று தெரிந்தபோது நான் போகமாட்டேன் என்று அழுதேன். குடித்தாலும் அப்பா அப்பாதானே.

வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கல் வைத்தார்கள். மாமா லால்குடியிலிருந்து ரோஜா மாலையோடு வந்து அப்பா கழுத்தில் போட்டார். புது வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. மாப்பிள்ளை மாதிரி இருந்தார் அப்பா. மாமா அவர் காதோரம், "மாப்ள, இந்தத் தடவை ஆயுசுக்கும்னு சொல்லிடுங்க" என்றது எனக்கே கேட்டது.

பூசாரி மஞ்சள் தடவிய கயிற்றைச் சாமி பாதத்திலிருந்து எடுத்தார். "எத்தனை நாளைக்குப்பா?"

அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. "இன்னிக்கு ஒரு நாளைக்குங்க."

பூசாரியால் தன் காதையே நம்ப முடியவில்லை. மறுபடி கேட்டார். அப்பா மறுபடி அதையே சொன்னார். "நாளைக்குக் காலைல வரைக்கும்."

அந்த நிசப்தத்தில் பின்னால் யாரோ, "ஒரு நாளைக்குன்னா நான்கூடத்தான் கட்டிக்குவேன், இதுக்குப் போயி பொங்கலா?" என்றார்கள். ஒருத்தர் சிரித்துவிட்டார். மாமாவுக்கு முகம் கறுத்தது. "என்ன மாப்ள, சாமிகிட்டயே கேலியா?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கருப்பரின் அரிவாள் இறங்கப்போகிறது என்று நான் தம்பியின் கண்ணைப் பொத்தினேன்.

"ஒரு நாளைக்கெல்லாம் கட்டுற வழக்கம் இல்லையேப்பா" என்றார் பூசாரி, மெதுவாக.

"இல்லைங்கதான். ஆனா ஆயுசுக்கும்னு சொன்னா அது பொய் சாமி. இன்னிக்குங்கிறது பொய்யில்ல. என்னால இவ்வளவுதான் முடியும்."

பூசாரி கருப்பர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கட்டிவிட்டார்.

மாமா மாலையைப் பிடுங்காத குறைதான். "போதும்மா. நீ பிள்ளைங்களைக் கிளப்பு. அடுத்த பஸ்ஸுக்குப் போயிடலாம்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு எப்படிண்ணே வர்றது? இன்னிக்கு அவங்க கையில கயிறு இருக்கே. சாமி குத்தமாயிடும்" என்றாள்.

"அப்ப நாளைக்கு வா."

"சரிண்ணே. நாளைக்கு வர்றேன்."

மாமா பொங்கலை மட்டும் சாப்பிட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறினார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அப்பா கிணற்றடியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கிளம்பினார். அம்மா என்னை எழுப்பி, "பின்னாடியே போயி பாருடி" என்றாள். கருப்பர் கோயிலுக்குத்தான் போனார். பூசாரி அப்போதுதான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். "என்னப்பா, அவுத்துக்க வந்துட்டியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. அவுத்துட்டு இன்னும் ஒரு நாளைக்குக் கட்டி விடுங்க."

பூசாரி விளக்குமாற்றைக் கீழே போட்டார். "டேய், கருப்பர்கிட்ட விளையாடுறியா?"

"பிள்ளைங்க கல்யாணம் வரைக்கும்னு சொன்னேன் பாருங்க, அப்பதான் விளையாடினேன்."

அதற்கும் மறுநாள் போனார். அதற்கும் மறுநாள். பட்டறைக்கு பஸ் பிடிக்கும் முன்னால் ஒரு தடவை கயிறு அவிழும், ஒரு தடவை கட்டப்படும். ஆடிப் பெருக்கில் தண்ணீர் கரை தொட்டு ஓடியபோதும் போனார், காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டபோதும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போனார். தெருவில் அவருக்கு "ஒருநாளு" என்றே பேராகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னையும், "ஏய் ஒருநாளு பொண்ணு, நாளைக்கு என்னடி?" என்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். இதற்குப் பேசாமல் ஒரே தடவையாக ஒரு வருசம் என்று சொல்லி கௌரவமாகக் கட்டிக்கொள்ளக்கூடாதா என்று கருப்பரிடமே முறையிட்டிருக்கிறேன்.

மாமா மட்டும் விடவில்லை. ஸ்ரீரங்கம் வரும்போதெல்லாம் வாசலில் நின்றபடியே, "என்னம்மா, எப்ப வர்ற?" என்பார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

தீபாவளி வந்தது. பட்டறையில் எல்லோருமாகக் கறி ஆக்கிச் சாப்பிட்டார்களாம். அன்று சாயங்காலம் அப்பா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே வாடை வந்துவிட்டது. கயிறு கையிலேயே இருந்தது. கழற்றக்கூட மறந்திருக்கிறார்! தம்பி அலறினான். அப்பா எங்களைப் பார்க்காமல் சுவரோரம் சுருண்டு படுத்தார். அம்மா ஒரு தலையணையைக் கொண்டுபோய் அவர் தலைக்கு வைத்தாள். ரத்தம் கக்கப்போகிறார், இனி நமக்கு அப்பா இல்லை என்று அழுதுகொண்டே நான் தூங்கிப்போனேன்.

காலையில் கண் விழித்ததும் எனக்கு இன்னொரு அதிர்ச்சி. அப்பா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார்.

அவர் பின்னாலேயே ஓடினேன். கருப்பர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. பூசாரி பழைய கயிற்றை அறுத்து ஆற்றில் விட்டார். புதுசு ஒன்றை மஞ்சளில் முக்கினார். "இன்னிக்குத்தானேப்பா?" என்றார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சண்டைக்கு நின்றேன். "அதான் குடிச்சிட்டாரே! அப்புறம் எதுக்கு இன்னொரு கயிறு?"

"குடிச்சது நேத்துடி. இது இன்னிக்குக் கட்டினது" என்றாள் அம்மா, அரிசி களைந்துகொண்டே.

எத்தனை பெரிய சத்தியமெல்லாம் பொய்யாகி அழுதவள் இவள். இந்த ஒரு நாள் கணக்கில் போய் எப்படி ஏமாந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வருசக் கயிறு அறுந்தால் ஒரு வருசமும் போகும், ஒரு நாள் கயிறு அறுந்தால் அந்த ஒரு நாள்தான் போகும் என்பதை யோசிக்கிற வயசில்லை.

இப்போது நான் எடமலைப்பட்டி புதூரில் குடியிருக்கிறேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. பூசாரியின் மகன்தான் இப்போது பூசாரி. அவரும், "இன்னிக்குத்தானே தாத்தா?" என்று கேட்டுத்தான் கட்டுகிறாராம். கருப்பர் புண்ணியம், வேறென்ன சொல்ல.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் மாமாவும் வந்திருந்தார். சேதி எப்படியோ லால்குடி வரைக்கும் போயிருந்தது. வாசலில் நின்று, "இப்பவாவது வர்றியா இல்லையா?" என்று கத்தினார். அம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து, "இன்னிக்கு இல்லண்ணே. நாளைக்குப் பார்ப்போம்" என்றாள்.

மாமாவைச் சமாளிக்கத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த வீட்டில் தினம் காலையில் ஒரு நாளைக்கென்று கட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர். அம்மாவின் கையில் கயிறு இல்லாததால் எனக்குத் தெரியவில்லை.